பாலக்கரை தாண்டிட்டாங்க

காலையில் பெனிட்டா இடது கையால் பல் தேய்த்தாள். காப்பிக்குப் பதில் மல்லி விதை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடித்தாள். பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருப்பது நல்ல அறிகுறி என்று பயிற்சி மையத்தில் சொல்லியிருந்தார்கள். கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

அவள் கணவன் ஆல்வின் டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாநகரப் பேருந்துகளுக்கு மின்கலம் மாற்றும் இடத்தில் வேலை. காலை ஷிஃப்ட். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு நொடி நின்றான். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம் அது. அவன் அங்கே நிற்பான், அவள் அடுப்படியிலிருந்து ஒன்று கேட்பாள், அவன் பதில் சொல்லிவிட்டுப் போவான்.

அவள் கேட்கவில்லை.

"சாப்ட்டேன்," என்று அவனாகவே சொன்னான்.

"சரி."

"ரெண்டு இட்லி."

"நீ சொல்லாத ஆல்வின். நீ சொன்னா எனக்குக் கேக்கணும்னு வருது."

"சுவத்துக்கிட்ட சொன்னேன்," என்றான். போய்விட்டான்.

அவர்கள் உறையூரில் ஓர் அடுக்ககத்தின் ஆறாவது மாடியில் இருந்தார்கள். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெனிட்டா படியில் இறங்கினாள். நாலாவது மாடி கோமளா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து மத்தியானமும் லிஃப்ட் நின்னுபோச்சுக்கா. இந்த மாசத்துல எத்தனை தடவை. உங்க கம்பெனிதானே?"

"இப்ப என் கம்பெனி இல்ல."

"குரல் உங்களோடதுதானே?"

பெனிட்டா இறங்கினாள். லிஃப்டில் சிவப்புப் பொத்தானுக்கு மேல் சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருக்கும். அதற்குள் தான் உட்கார்ந்திருப்பதாக அவளுக்கு ஒரு எண்ணம். அதனால்தான் படி.

பேருந்தில் இடம் காலியாக இருந்தும் ஒருவர் நின்றுகொண்டு வந்தார். நின்று பழகாத கால்கள். இன்னொரு பெண் செய்தித்திரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள். அவர்கள் பெனிட்டாவின் வலது மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் அவர்களுக்குப் பழுத்தவர்கள் என்று பெயர்.

வேலையில் சேரும் அன்றே நிழலும் கூடச் சேரும். பணிநிழல் என்பது சட்டத்தின் சொல். ஷேடோ என்பது அலுவலகத்தின் சொல். அது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். எந்தச் சொல்லை எங்கே நிறுத்துகிறோம், யாரிடம் குரலைத் தாழ்த்துகிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம், எல்லாம். ஒரு நாள் அது பழுத்துவிடும். பிறகு ஆள் வேண்டாம். பெனிட்டாவின் நிழல் பங்குனியில் பழுத்தது. கேக் வெட்டினார்கள். வானேணி லிஃப்ட் நிறுவனத்தில் அவசர அழைப்புக் குரலாக இருந்தவள் அவள். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம், கதவு திறக்கும்வரை பேசிக்கொண்டிருப்பது வேலை.

இன்னொரு லிஃப்ட் நிறுவனம் ஆள் எடுக்கிறது. சமயபுரம் சாலையில் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. புது நிறுவனத்துக்குப் புது நிழல் தேவை. நிழலைப் பழுக்கவைக்க ஒரு ஆள் தேவை. ஆனால் ஒரே வேலைமுறையை இரண்டு இடத்தில் விற்கக் கூடாது என்று சட்டம். பழைய பெனிட்டா வானேணியின் சொத்து. புது இடத்தில் சேர வேண்டுமென்றால் தன் நிழலிலிருந்து அவள் போதுமான அளவு விலகியிருக்க வேண்டும். அதற்கு ஒரு தேர்வு. தேர்வு இருந்தால் தில்லை நகரில் அதற்கு ஒரு பயிற்சி மையமும் இருக்கும்.

லோகேஷ் விலகல் அகாடமி ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது. படிக்கட்டுச் சுவர் முழுக்கத் தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள். எல்லாரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பழக்கம்ங்கிறது வேர் மாதிரி," என்றார் லோகேஷ். "வேலையில மட்டும் வெட்டுனா வீட்ல துளிர்க்கும். பெனிட்டா மேடம், உங்க கேள்வி போயிருச்சா?"

"வாய்க்குள்ள நிக்குது சார்."

"முழுங்குங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹபீப் காந்தி மார்க்கெட்டில் வெங்காய ஏலம் விட்டவர். இப்போது அவருடைய நிழல் ஏலம் விடுகிறது. அவரை எட்டு வாரமாகக் கிசுகிசுக்கப் பழக்கியிருந்தார்கள்.

"வீட்லயும் இப்படியேதான் பேசறேன் மேடம்," என்று கிசுகிசுத்தார். "எம் பொண்டாட்டி பயந்துபோயிட்டா. எந்த டாக்டர்னு விசாரிச்சிட்டு இருக்கா. மார்க்கெட்டுல எங் குரலு கத்திட்டு இருக்கு, நான் இங்க இருமக்கூட யோசிக்கிறேன்."

"சிரிக்க வைக்காதீங்க. நான் சிரிக்கிறதும் பழசு."

விலகல் தேர்வகம் மன்னார்புரத்தில் இருந்தது. கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு மைக். ஓர் அழைப்பு வரும். அழைப்பவர் தேர்வகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நடிகர்தான். அதே அழைப்பை அவளுடைய நிழல் முன்பே எடுத்திருக்கும். இரண்டு பேரும் பேசியதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பெனிட்டா லோகேஷ் கற்றுக்கொடுத்தபடி பேசினாள். "வணக்கம். நான் உங்களுடன் இருக்கிறேன். ஆழமாக மூச்சு விடுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு நிறத்தை நினைத்துக்கொள்ளுங்கள்."

அதிகாரி சங்கமித்ரா கணினியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணில் தூக்கம்.

"உங்க நிழல்ல இருந்து நல்லாவே விலகியிருக்கீங்க."

"நன்றிங்க."

"ஆனா நிறத்த நினைக்கச் சொல்ற நிழல் எங்ககிட்ட ஏகப்பட்டது பதிவாகியிருக்கு. போன வருஷம் தேர்வானவங்க எல்லாரும் அதையே சொல்லி, அதுவும் பழுத்தாச்சு. தில்லை நகரா?"

"ஆமா."

"லோகேஷா?"

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாரையும் ஒரே ஆளா மாத்தி அனுப்புறார். நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம்." சங்கமித்ரா குரலை இறக்கினாள். "இன்னும் ஒரு தடவைதான் மேடம். அதுலயும் இல்லன்னா உங்களுக்குக் குரல் பிரிவ மூடிருவாங்க. அப்புறம் பேசற வேலை எதுக்கும் மனுப் போட முடியாது."

பேசுவது தவிர பெனிட்டாவுக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் இருட்டுப் பெட்டிக்குள் அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் மூச்சு, தான் பேசப் பேச மெல்ல ஒழுங்காவதைக் கேட்டவளுக்கு வேறு வேலை எதற்கு? அதைத்தான் அவளால் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

ஹபீபும் தேறவில்லை. ஊரில் ஏற்கெனவே நிறையக் கிசுகிசுப்புகள் பதிவாகியிருந்தன. இருவரும் தேர்வகத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றார்கள். அவர் இப்போது பழைய குரலில் பேசினார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம். எதுல இருந்து விலகணும்னு நமக்குத் தெரியுமா? நான் போனவாரம் மார்க்கெட்டுக்குப் போய் என் நிழலு ஏலம் விடறத நின்னு கேட்டேன். ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னாடி கொஞ்சம் நிறுத்துறேன் மேடம். யாராச்சும் பாவப்பட்ட வியாபாரி வர்றானான்னு பாக்குறேன். எனக்கே தெரியாது அது. எந் தம்பிமேல சத்தியமா தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நல்லவனாத்தான் இருந்திருக்கேன். அழுகை வந்துருச்சு. நீங்க உங்களக் கேட்டிருக்கீங்களா?"

பெனிட்டா கேட்டதில்லை. அன்று இரவெல்லாம் அந்தக் கேள்வி அவளுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. பயம் போல இருந்தது. பிறகு அது பயமில்லை, ஆவல் என்று தெரிந்தது.

மறுநாள் மதியம் தன் அடுக்ககத்து லிஃப்டிலேயே சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். அது மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. கோமளா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஆல்வின் இன்னும் வரவில்லை. டிப்போவில் இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்தும் விடுவதில்லை என்று சொல்லியிருந்தான். பெனிட்டா தில்லை நகர் வரைக்கும் நடந்து, ஒரு வணிக வளாகத்தின் லிஃப்டில் ஏறினாள். கூட யாரும் இல்லை. இரண்டு மாடி போனதும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

லிஃப்ட் நின்றது. நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொன்னால் அழைப்பு மையத்திலிருந்தே லிஃப்டை விட்டுவிடுவார்கள். அவளே எத்தனையோ பேரை அப்படி விட்டிருக்கிறாள்.

"வணக்கம்மா, சொல்லுங்க. லிஃப்ட் நின்னுருச்சா?"

பெனிட்டா ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். தன் குரலை இதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. நினைத்ததைவிட மெலிந்த குரல். கொஞ்சம் வயதான குரல்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன். சாப்ட்டீங்களா?"

சேர்ந்த புதிதில் ஒரு நாள், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் அவள் அதைக் கேட்டிருந்தாள். ஒரு கல்லூரிப் பெண். மூச்சு முட்டுகிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். கேள்வி காதில் விழுந்ததும் கத்துவதை நிறுத்தி, எலுமிச்சை சாதம் என்று சொன்னாள். அதன்பிறகு பெனிட்டா எல்லாரிடமும் கேட்டாள். எந்தக் கலவரத்திலும் எல்லாருக்கும் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

"இல்ல," என்றாள் பெனிட்டா.

"ஏம்மா, இவ்வளவு நேரம் சாப்பிடாம. வீட்ல என்ன இருக்கு?"

"மாவு இருக்கு."

"போனதும் ரெண்டு தோசை ஊத்திக்குங்க. தொட்டுக்க எதுவும் வேணாம், எண்ணெய் போதும்."

"நீங்க சாப்ட்டீங்களா?"

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். முதல்ல நீங்க சொல்லுங்க."

வீட்டில் ஆல்வின் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்லும் பதில் இதேதான். சொல் மாறவில்லை. இவ்வளவு அக்கறையாகவா சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. இதில் அக்கறை எவ்வளவு, பேச்சை முடிப்பது எவ்வளவு என்றும் யோசித்தாள்.

"தெரியாம அழுத்திட்டேன். விட்டுடுங்க."

"இப்ப எங்களால விட முடியாதும்மா. மெக்கானிக் வந்துதான் திறக்கணும். ஆள் கிளம்பிட்டாங்க."

நிழலுக்குக் கதவைத் திறக்கும் அதிகாரம் கிடையாது. அவளுக்கு அது நினைவில் இல்லை. ஆள் இருந்தபோது இருந்த அதிகாரம், ஆளோடு போய்விட்டது. பெனிட்டா தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வேலை போயிருச்சு," என்றாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. இந்தக் குரலிடம் எல்லாரும் ஏதாவது சொல்லிவிடுவார்கள்.

"அடடா. எங்க இருந்தீங்க?"

"நீங்க உக்காந்திருக்கற இடத்துல."

சிறிய நிறுத்தம். நம்ப முடியாததைக் கேட்டால் அவள் விடும் அதே நிறுத்தம்.

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் புதுசா என்ன சொல்றது. தைரியமா இருங்க. பாலக்கரை தாண்டிட்டாங்க."

பெனிட்டா நிமிர்ந்தாள்.

மெக்கானிக்குகளின் பணிமனை அரியமங்கலத்தில். நகரின் இந்தப் பக்கத்துக்குப் பாலக்கரை பாதி வழி. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அழைத்தால் காவிரிப் பாலம் ஏறிவிட்டார்கள் என்பாள். மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் ஆட்கள் அடங்கினார்கள். பெயர் சொல்லச் சொல்ல அது நடந்துகொண்டிருப்பது போல அவளுக்கே தோன்றும்.

"உண்மையிலயே கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரும்மா." அந்த 'ம்மா'வில் குரல் ஒரு படி இறங்கியது. பொய் சொல்லும்போது தான் அங்கே இறங்குவதை பெனிட்டா வாழ்நாளில் முதல் முறையாகக் கேட்டாள்.

ஆனாலும் அந்த வார்த்தை கேட்டதும் அவள் எழுந்து கதவருகே போய் நின்றாள். பொய் என்று தெரியும். தெரிந்தும் கால் போனது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரும் வரவில்லை. கால் வலித்து மறுபடி உட்கார்ந்தாள். "மெயின்கார்டு கேட்டு வந்துட்டாங்க," என்றது குரல். மறுபடி எழுந்தாள். அப்படி எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. இவ்வளவு ஆண்டுகளாக எத்தனை பேரை இப்படி எழுந்து நிற்க வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். நேரமாகும் என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தரையில் உட்கார்ந்திருப்பாள்.

கதவைத் திறந்த மெக்கானிக் இளைஞன். சட்டையில் கபிலன் என்று தைத்திருந்தது. வேர்த்துப்போயிருந்தான்.

"ரொம்ப நேரமாயிருச்சுங்க, கோவிச்சுக்காதீங்க."

"பாலக்கரை தாண்டிட்டீங்கன்னு சொன்னாங்க," என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

கபிலன் கருவிகளைப் பைக்குள் போட்டபடி சிரித்தான். "நான் பாலக்கரைப் பக்கமே போகலைங்க. உறையூர்ல ஒருத்தர இறக்கிவிட்டுட்டு நேரா வர்றேன். அந்தம்மா எப்பவும் அப்படித்தான். நான் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே பாலக்கரைய தாண்ட வச்சிருவாங்க. அப்புறம் வந்து நின்னா திட்டு எனக்கு. பாலக்கரையில இருந்து வர இவ்வளவு நேரமாடா, டீ குடிச்சிட்டு வந்தியான்னு. வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து குடிக்காத டீக்குத் திட்டு வாங்குறேன்."

"அவங்கள பாத்திருக்கீங்களா?"

"ஆள் போயிட்டாங்களாம். குரல் மட்டும்தான் இருக்கு. நல்ல அம்மாதான், குறை சொல்லக் கூடாது. சில பேரு அவங்ககிட்ட பேசறதுக்காகவே அழுத்துறாங்க. இப்ப உறையூர்ல இறக்குனேன்ல, அந்த சாரும் அப்படித்தான். கதவத் திறந்தா, அதுக்குள்ள வந்துட்டீங்களான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறார்."

பெனிட்டா அதைச் சரியாகக் கேட்கவில்லை. அவள் பாலக்கரையிலேயே நின்றுவிட்டிருந்தாள்.

இரண்டாவது தேர்வுக்குப் போகும்வரை அவள் லோகேஷின் மையத்துக்குப் போகவில்லை. வலது கையாலேயே பல் தேய்த்தாள். காப்பி குடித்தாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் வீட்டிலும் கேட்காமல் இருந்தாள். அது நாக்கில் இருந்தால் மற்றதும் பின்னால் வந்துவிடும் என்று பயம். தேர்வன்று காலை ஆல்வின் வாசலில் நின்றான். எதுவும் சொல்லாமல் அவனும் போய்விட்டான்.

கண்ணாடி அறை. மைக். மணி ஒலித்தது.

"ஹலோ, யாராச்சும் இருக்கீங்களா? ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். எந் தங்கச்சிய மேல ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. நான் வர்றேன்னு சொல்லியிருக்கேன். சீக்கிரம் ஆள அனுப்புங்க."

சாப்பிட்டீர்களா என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால் பாலக்கரை நின்றது. நடிகர்தான் என்று தெரியும். ஆனாலும் மூச்சு முட்டுவது நிஜம் போலவே இருந்தது.

"சொல்லியாச்சு சார். ஆனா மெக்கானிக் இன்னும் கிளம்பல," என்றாள். "எப்ப வருவார்னு எனக்குத் தெரியாது. நேரமாகலாம்."



"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? தெரியாதுன்னா அப்புறம் நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"நீங்க வெளிய வர்ற வரைக்கும் லைன்ல இருக்கறதுக்கு. முதல்ல கீழ உக்காருங்க. நின்னுட்டே இருந்தா கால் வலிக்கும். அதுக்கு முன்னாடி யாரும் வர மாட்டாங்க."

அவர் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டு தீர்ந்ததும் துணி உரசும் ஓசை கேட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் அவளப் பாக்க முடியாது," என்றார் வேறு குரலில்.

"பாக்க முடியாம போகலாம். பேசலாம். வார்டு நம்பர் சொல்லுங்க, இந்த லைன்லயே போட்டுத் தர்றேன். உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிருங்க."

அவர் எண்ணைச் சொன்னார். குரல் நடுங்கியது. அது நடிப்பில் சேர்த்தியா என்று பெனிட்டாவுக்குத் தெரியவில்லை.

கணினியில் இருந்ததைச் சங்கமித்ரா இரண்டு முறை படித்தாள். இன்றைக்கு அவள் கண்ணில் தூக்கம் இல்லை.

"உங்க நிழல் பாலக்கரைன்னு ஏதோ சொல்லி அவர சமாதானமா வச்சிருந்துச்சு. கதவு திறக்கற வரைக்கும் அவர் சந்தோஷமாத்தான் காத்திருந்தார். தங்கச்சிகிட்ட பேசணும்னு அவருக்கும் தோணல, அதுக்கும் தோணல." நிமிர்ந்தாள். "இப்படி யாரும் இதுவரைக்கும் பதிவாகல. எந்த மையத்துல கத்துக்கிட்டீங்க?"

"லிஃப்ட்ல."

"லிஃப்ட்டா? புது மையமா?"

"இல்லங்க. லிஃப்ட். மாட்டிக்கிட்டேன்."

சங்கமித்ரா சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். வரும் திங்கட்கிழமை சேரலாம்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. பழைய முறை இனிமே உங்களோடது இல்ல. வேலையில அந்தக் கேள்வி வாயில வந்தாலே கணக்குல ஏறிரும்."

"வீட்ல?"

"வீட்ட நாங்க பாக்கறதில்ல. ஆனா ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். அது உங்க பாடு."

"இதுவும் பழுக்குமா?"

"பழுக்கும். உங்களுது சீக்கிரமே பழுக்கும்னு நினைக்கிறேன். ரொம்பத் தெளிவா இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு ஆளா வாங்க. நான் இருப்பேனான்னு தெரியாது." மேசைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைச் சங்கமித்ரா கண்ணால் காட்டினாள். "எனக்கும் ஒண்ணு பக்கத்துல உக்காந்து பாத்துட்டேதான் இருக்கு."

ஒருவருக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தபடி பெனிட்டா உறையூர் வந்து சேர்ந்தாள். மதிய வெயில். வழியில் ஆல்வினை அழைத்தாள். எடுக்கவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது, இனி அவன் வாசலில் நின்றால் கேட்டுவிடலாம், கலந்தால் கலக்கட்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

லிஃப்ட் நின்றிருந்தது. படியேறினாள். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது மூடிய லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சு கேட்டது. கொஞ்சம் மேலே, நடுவில் எங்கோ.

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

ஆல்வினின் குரல். பெனிட்டா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன், என்னாச்சு? காலையிலயாச்சும் ஏதாவது சாப்ட்டீங்களா?"

"ரெண்டு இட்லி. நீங்க?"

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். முதல்ல நீங்க சொல்லுங்க."

"என் வீட்டுக்காரிக்கு இன்னைக்குப் பரீட்சை."

"நல்லாப் பண்ணிருவாங்க. கவலைப்படாதீங்க."

"அதான் கவலை," என்று சொல்லி ஆல்வின் சிரித்தான். வீட்டில் அவன் கடைசியாக இப்படிச் சிரித்தது பங்குனிக்கு முன்பு.

"தைரியமா இருங்க. ஆள் கிளம்பிட்டாங்க. பாலக்கரை தாண்டிட்டாங்க."

"மெதுவா வரட்டும்," என்றான் ஆல்வின்.

டிப்போவின் தாமதங்கள், கோமளாவின் புலம்பல்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் உறையூர்க்காரர், எல்லாம் பெனிட்டாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தன. அவளுக்குக் கோபம் வரவில்லை. மேலே ஏறிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு நான்காவது மாடிக்குப் போய், கதவில் விரலால் தட்டினாள்.

உள்ளே பேச்சு நின்றது.

"பாத்தீங்களா," என்றது அவள் குரல், மகிழ்ச்சியாக. "ஆள் வந்துட்டாங்க."

"இல்ல," என்றாள் பெனிட்டா கதவைப் பார்த்து. "மெக்கானிக் வரல. இன்னும் கிளம்பியிருக்கவே மாட்டார். நான்தான் ஆல்வின். வேலை கிடைச்சிருச்சு."

அவள் தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இரும்பு குளிர்ந்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அதை இப்போதுதான் ஒருத்தி கேட்டு முடித்திருந்தாள். அவன் பதிலும் சொல்லிவிட்டான்.

"எவ்வளவு நேரமாகும்னு தெரியாது," என்றாள். "நான் இங்கயேதான் இருப்பேன்."

உள்ளே ஆல்வின் தொண்டையைச் செருமினான். அவன் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. ஒலிபெருக்கியின் பக்கம் வாயை வைத்துக்கொண்டு பேசினான்.

"மேடம். அவ வந்துட்டா. லைன வச்சிருவீங்களா?"

தான் என்ன பதில் சொல்லப் போகிறோம் என்று கேட்க, பெனிட்டா திரும்பி, கதவில் காதை வைத்தாள்.